சாந்தம்மாள் உட்கார்ந்தால் ஏறும் வண்டி

எங்கள் ஜீப்புக்கு நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஐந்தாவதாக நானும் இழுக்க வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? என் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டி மனதில் ஒன்று விழுந்துவிட்டால் அதைப் பிடுங்கி எடுக்க இந்தச் சக்குபள்ளத்தில் ஆள் கிடையாது.

எங்களுக்குச் சொந்த ஊர் கம்பம். மாமனார் காலத்திலேயே மலையேறி வந்து ஏலக்காடு போட்டுவிட்டார்கள். காய் உலர்த்துகிற ஸ்டோர் மேல்காட்டில் இருக்கிறது, வீடு கீழே. நடுவில் பன்னிக்குழி என்று ஒரு சேற்றுப் பள்ளம். மழை பிடித்தால் அதில் மாடுகூட இறங்காது. அதைத் தாண்டத்தான் ஜீப். பதிந்து வைத்துக் காத்திருந்து, கோயம்புத்தூரில் வண்டி வந்து நிற்கிறது என்று சேதி வந்ததும் இவர் நேராகப் போனது கோயம்புத்தூருக்கு இல்லை, சின்னமனூர் சோசியர் வீட்டுக்கு.

சோசியர் இவர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். வாகனத்துக்கான நாலாம் இடம் கெட்டுக் கிடக்கிறதாம். இவர் பெயரில் வண்டி வாங்கினால் அது தானாகவே மலையை விட்டு இறங்கிப் போய்விடுமாம். பிறகு என் ஜாதகத்தைப் பிரித்திருக்கிறார். சுக்கிரன் உச்சத்தில் உட்கார்ந்திருக்கிறான், ராணிக்குரிய வாகன யோகம் என்றிருக்கிறார். அதுவரை நான் ஏறிய வாகனம் கூண்டு வண்டியும் கம்பம் டவுன் பஸ்ஸும்தான். எந்த ராணியைச் சொன்னாரோ தெரியாது. வண்டியை என் பெயரில் பதிந்து கொண்டுவந்து நிறுத்தினார்.

புது வண்டிக்குக் கம்பத்தில் கோயிலில் வைத்துப் பூஜை போட்டோம். பூசாரி, பளபளவென்று இருந்த இடத்தில் எல்லாம் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். முன் சக்கரம் இரண்டுக்கும் நட்ட நடுவில் வட்டமாக ஒரு திருகு இருந்தது. பின் சக்கரத்தில் அது இல்லை. “வண்டிக்கு மூக்குத்தி போட்ட மாதிரியில்ல இருக்கு” என்று இவருக்கு அதன்மேல் தனிப் பிரியம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம். எங்கள் டிரைவர் சுடலை திருநெல்வேலிப் பக்கம் லாரி ஓட்டியவன். ஒருநாள் அதைத் துணியால் துடைக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

“கோயில்ல வச்ச பொட்டுடா. அதுல கைய வச்ச, கை இருக்காது” என்றார் இவர். சுடலை துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

எழுபத்து நாலாம் வருஷ மழையில்தான் என் கேடுகாலம் ஆரம்பித்தது. பன்னிக்குழியில் ஜீப் மாட்டிக்கொண்டது என்று கேட்டு, பாவம் நனைந்துகொண்டு நிற்பார்களே என்று நான் தூக்குவாளியில் காப்பி எடுத்துக்கொண்டு போனேன். மழை வலுத்தது. பின்னால் ஏலக்காய் மூட்டைமேல் ஏறி உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். சுடலை மறுபடி வண்டியைக் கிளப்பினான். அதுவரை நகர மாட்டேன் என்று உறுமிய வண்டி உருண்டு மேலே ஏறிவிட்டது.

இவர் மழையில் நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். கட்டிய புருஷன் கும்பிட்டால் எந்தப் பெண்ணுக்கும் உள்ளே கொஞ்சம் குளிரத்தான் செய்யும். எனக்கும் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடுத்த நாள் காலை ஹாரன் அடிக்கும் வரைக்கும்தான்.

அன்றிலிருந்து மழை நாளில் நான் இல்லாமல் வண்டி கிளம்பாது. உலை கொதித்துக்கொண்டிருக்கும், வாசலில் ஹாரன் கேட்கும். தலைக்கு எண்ணெய் வைத்திருப்பேன், ஹாரன். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூடக் கம்பளியைப் போர்த்தி மூட்டைமேல் ஏற்றி உட்கார வைத்தார். இடுப்பு வலி என்று சொன்னால், உட்கார்ந்துகொண்டுதானே இருக்கிறாய் என்பார். காட்டு வேலைக்கு வரும் பெண்கள் என்னைக் கண்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்துக் காட்டு நல்லதம்பி தன் லாரி மாட்டிக்கொண்டது என்று ஒருநாள் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். அதற்கு மட்டும் இவர் ஒத்துக்கொள்ளவில்லை. நம் வீட்டு யோகத்தை ஊருக்கு விடமுடியாதாம்.

இதையெல்லாம் நானும் சிரித்துத்தான் கழித்தேன். ஆனால் அந்த ஐப்பசியில் என் மகள் பூமாரி பேறுகாலத்துக்கு வந்திருந்தாள். போன வருஷம் அவளுக்கு ஒன்று வயிற்றிலேயே கலைந்துபோனது. அப்போது நான் பக்கத்தில் இல்லை. இந்த முறை வந்த நாள் முதல் என் கையைப் பிடித்தபடிதான் தூங்கினாள்.

“வலி வந்துருச்சுன்னா நீ பக்கத்துல இருப்பேல்லம்மா?”

“உன்னைய விட்டுட்டு எங்கடி போகப்போறேன்? வலி கண்டதும் நம்ம ஜீப்புல உன்னைய மடியில போட்டுக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவேன்.”

அவள் மாமியார் வீட்டார் மலைக்கு அனுப்பத் தயங்கியபோதும் இதே ஜீப்பைச் சொல்லித்தான் அவர்கள் வாயை அடைத்தேன். எங்களிடம் வண்டி இருக்கிறது, பயம் எதற்கு என்றேன்.

அப்படி ஒரு நாளில்தான் கம்பெனி ஆள் வந்தார். சிவராமகிருஷ்ணன் என்று பெயர். பாலக்காட்டுக்காரர், கோயம்புத்தூரில் எங்களுக்கு வண்டி விற்ற கம்பெனியில் வேலை. புது ஜீப் வாங்கியவர்களை எல்லாம் வீடு தேடிப் போய், வண்டி எப்படி இருக்கிறது, என்ன குறை என்று கேட்டுவர அனுப்பியிருக்கிறார்கள். குமுளியிலிருந்து யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து, பாதி தூரம் நடந்து, அட்டை கடித்த காலோடு எங்கள் வாசலில் நின்றார்.

“ஓணரோட அபிப்ராயம் கேக்கணும். சாந்தம்மாள்னு போட்டிருக்கே, அவா யாரு?”

எங்கள் வீட்டில் என் அபிப்பிராயத்தை முதன்முதலாகக் கேட்ட மனுஷர் அவர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முன்னால் வந்து நின்றார்.

“எதுன்னாலும் எங்கிட்டக் கேளுங்க. வண்டின்னா இதுல்ல வண்டி! பன்னிக்குழின்னு ஒரு எடம், ஆனை எறங்காது. நம்ம வண்டி சும்மா ஏறிப் போகும். வாங்க, காட்டுறேன்.”

அன்று விடியற்காலையிலிருந்தே பூமாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். லேசாக இழுக்கிறது என்றாள். நான் இவரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

“இன்னைக்கு நான் வரலைங்க. புள்ள மொகமே சரியில்ல. வண்டியும் வீட்டுலயே நிக்கட்டும்.”

“சும்மா போயிட்டு உடனே திரும்பிறப் போறோம். கம்பெனிக்காரரு கோயமுத்தூர்ல இருந்து வந்துருக்காரு. அவரு முன்னாடி வண்டி மாட்டிக்கிருச்சுன்னா மானம் போகுமா போகாதா? நீ வந்து சும்மா உக்காரு.”

பூமாரி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “போயிட்டு வாம்மா. வெரசா வந்துரு” என்றாள். அப்பா பேச்சுக்கு மறு பேச்சு அவள் பேசியதில்லை. நானும்தான் பேசியதில்லை. வேலையாட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து மருத்துவச்சி மாரித்தாயைக் கூப்பிட்டு அவள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் வழக்கம்போலப் பின்பக்கம் ஏறப் போனேன். கம்பெனிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“ஐயோ, நீங்களாக்கும் ஓணர். பின்னாலே போய் உட்காரறதாவது! முன்னாலே உட்காருங்கோ அம்மா.”

இவருக்கும் கம்பெனிக்காரரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் சொந்த வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாகப் பாதை முழுவதும் தெரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், மகள் நினைப்புக்கு நடுவிலும் அது நன்றாகத்தான் இருந்தது.

பன்னிக்குழிக்கு முன்னால் இவரும் கம்பெனிக்காரரும் இறங்கிக்கொண்டார்கள். வெளியே நின்று பார்த்தால்தான் வண்டியின் வீரம் தெரியுமாம். வண்டியில் நானும் சுடலையும் மட்டும். பின்னால் ஒரு மூட்டைகூடக் கிடையாது. சுடலை நாலு சக்கரமும் இழுப்பதற்கான கம்பியை இழுத்துப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறக்கினான். பாதி ஏற்றத்தில் வண்டி இழுத்தது, முனகியது, பின்பக்கம் சேற்றை வாரி இறைத்தது. அப்படியே பின்னுக்குச் சரிந்து குழியில் உட்கார்ந்துகொண்டது.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் உட்கார்ந்திருக்கும்போது வண்டி மாட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

கம்பெனிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். “இன்னொரு தடவை கிளப்பு” என்று சுடலையிடம் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். “முன் சக்கரம் சுத்தவே இல்லையே!” என்றார். பிறகு அந்த மூக்குத்தி மேல் கையை வைத்தார். இவர் ஐயையோ என்று அலறினார். அதைக் காதில் வாங்காமல் சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அது ஓடு ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இங்கிலீஷ் எழுத்து இருந்தது.

“இதைக் கையாலே திருப்பணும் சார். திருப்பினா மட்டும்தான் முன் சக்கரம் இழுக்கும். உள்ளே கம்பியை மட்டும் போட்டுட்டு என்ன பிரயோஜனம்? வாங்கின நாள்லேருந்து இது ரெண்டு சக்கர வண்டியாத்தான் ஓடிண்டிருக்கு.”

“அப்ப இம்புட்டு நாளும் எப்படிங்க ஏறுச்சு?” என்று சுடலை கேட்டான்.

கம்பெனிக்காரர் என்னைப் பார்த்தார். “அம்மா எப்பவும் பின்னாலேதான் உட்காருவாளா, மூட்டைமேலே? அதாக்கும் சங்கதி. பாரம் பின் சக்கரத்து மேலே விழுந்தா அது பிடிச்சுக்கும்.”

“அதத்தானய்யா நானும் சொல்றேன்!” என்று இவர் துள்ளினார். “இவ உக்காந்தா ஏறும். இன்னைக்கு எடம் மாறி உக்காந்தா, அதான் ஏறல.”

கம்பெனிக்காரர் சேற்றுக் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். அவர் பட்ட பாட்டை நான் எத்தனையோ வருஷமாகப் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

திருகு லேசில் திரும்பவில்லை. இத்தனை வெள்ளிக்கிழமைச் சந்தனமும் உள்ளே இறங்கி இறுகிப்போயிருந்தது. சக்கரமும் புதைந்துகொண்டே போனது. காட்டில் இருந்த ஆண்களை எல்லாம் இவர் கூப்பிட்டுத் தோண்ட விட்டார். அந்த நேரத்தில்தான் காயெடுக்கிற பேச்சியம்மாள் கீழிருந்து ஓடி வந்தாள். சேறும் மூச்சுமாக நின்று, “பூமாரிக்கு வலி கண்டுருச்சு, பனிக்குடம் ஒடஞ்சுபோச்சு, வண்டியக் கொண்டாரச் சொன்னாக” என்றாள்.

நான் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன். ஓடினால் போய்விடலாம். சேற்றில் விழுந்து எழுந்தாவது போய்விடலாம்.

“எறங்காத!” இவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் இல்லை, குரல் உடைந்திருந்தது. “நீ எறங்கிட்டா வண்டி ஏறாது சாந்தா. வண்டி ஏறலைன்னா புள்ளைய எதுல கொண்டுபோவ? நல்லதம்பி லாரியும் கம்பத்துல கெடக்கு. சொன்னாக் கேளு.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்திருக்கக் கூடாது.

இத்தனை நாளும் இந்த யோகத்தைப் பார்த்துச் சிரித்தவள் நான். சுக்கிரன் உச்சத்தில் இருந்தால் எனக்கென்ன என்று கேட்டவள். கம்பெனிக்காரர் சொன்ன காரணமும் எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. இருந்தும் அந்தக் கால் அதற்கு மேல் நகரவில்லை. ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்? நான் இறங்கி, வண்டி கிடந்துவிட்டால், என் பிள்ளைக்கு நானே வினையாகிவிட மாட்டேனா? ஓடிப்போனால் கையைப் பிடித்துக்கொள்ளலாம். கையைப் பிடித்தால் மட்டும் பிழைத்துவிடுவாளா? போன தடவை கலைந்தது என் நினைவுக்கு வந்தது. சேற்றுக் காலை எடுத்து மறுபடி உள்ளே வைத்துக்கொண்டேன்.

“அம்மா, நீங்க போங்கோ. இதைத் திருப்பினா வண்டி தானா வரும்” என்று கம்பெனிக்காரர் கெஞ்சினார். நான் முன் சீட்டிலிருந்து நகர்ந்து பின்னால் போய், என் வழக்கமான இடத்தில், வெறும் தகரத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் தோண்டினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். தோண்டவும் முடியாது, ஓடவும் முடியாது. உட்காருவது ஒன்றுதான் என் வேலை. பூமாரி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

கடைசியில் ஒரு பக்கத் திருகு திரும்பியது. மறு பக்கத்தைச் சம்மட்டியால் தட்டித் தட்டித் திருப்பினார்கள். சுடலை கிளப்பினான். நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்க, ஒரு ஆட்டம்கூட இல்லாமல் வண்டி மேலே ஏறி நின்றது. ஆளில்லாமலே ஏறியிருக்கும். அவ்வளவு சுலபமாக ஏறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது.

வீட்டுக்குப் போனபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மாரித்தாய் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். “பொம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் தங்கிருச்சு தாயி. ரத்தம்தான் ரொம்பப் போயிருச்சு. இப்பத்தான் நின்னுச்சு, புள்ளைய அசைக்க வேண்டாம்” என்றாள். தெய்வம் என்று அவள் காலைத் தொட்டேன்.

பூமாரி வெள்ளைத்துணி போலக் கிடந்தாள். கையைப் பிடித்தேன். பிடித்த கையை அவள் திரும்பப் பிடிக்கவில்லை.

“எங்கம்மா இருந்த?”

“வண்டியில இருந்தேன்டி.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னத்தைச் சொல்லி விளக்குவது? ஓட்டவில்லை, தள்ளவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றா?

மறுநாள் காலையில் கம்பெனிக்காரர் கிளம்பும்போது என்னிடம் வந்து நின்றார். ராத்திரி தூங்கவில்லை போல. “நான் உங்களை முன்னாலே உட்காரச் சொன்னது தப்பாயிடுத்து அம்மா” என்றார். பிறகு தயங்கித் தயங்கி, “கேக்கக் கூடாது, ஆனா கேக்காமப் போனா எனக்கு வேலை போயிடும். வண்டியைப் பத்தி ஓணரோட அபிப்ராயம்?” என்றார்.

“நல்ல வண்டிதான் தம்பி. ஏறுனவளத்தான் எறங்க விடமாட்டேங்குது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். நல்ல மனுஷர். திருகைத் திருப்பும் முறையைச் சுடலைக்கு இரண்டு தடவை செய்து காட்டிவிட்டுத்தான் போனார். இனி வண்டிக்கு என் தயவு வேண்டாம் என்று நானும் நம்பினேன்.

இவர் கணக்கே வேறு. “அந்தத் திருகு விசயம் இம்புட்டு நாளா யாருக்காவது தெரிஞ்சுதா? கம்பெனிக்காரன் எதுக்கு நேத்துப் பாத்து வரணும்? எல்லாம் நீ உக்காந்த ராசி” என்றார்.

முப்பது நாள் தீட்டுக் கழிந்ததும் குழந்தையின் ஜாதகத்தைக் கணிக்கச் சின்னமனூருக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் பூவாக மலர்ந்திருந்தது. குழந்தைக்கு நாலாம் இடத்தில் எது எதுவோ சேர்ந்து உட்கார்ந்திருக்கிறதாம். என்னுடையதைவிடப் பெரிய யோகமாம். இப்படி ஒரு ஜாதகத்தைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று சோசியர் எழுந்தே நின்றுவிட்டாராம்.

அடுத்த நாள் ஸ்டோரில் ஏலத்துக்குப் போகவேண்டிய காய் காத்திருந்தது. மழை கொட்டியது. வாசலில் ஹாரன் கேட்டு நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன். இவர் உள்ளே வந்தார். கையில் கம்பளி.

“நீ இனிமே வீட்டுலயே இரு சாந்தா. நீ பட்டதெல்லாம் போதும்” என்றார். அத்தனை அன்பாக அவர் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு தொட்டில் பக்கம் திரும்பினார். “புள்ளையத் தூக்கிக் குடு. நல்லாப் பொத்திக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணி படாது.”

பூமாரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிறகு என்னை நேராகப் பார்க்காதவள், என்னைப் பார்த்தாள்.

நான் தொட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

“பச்சப் புள்ளையாச்சேங்க. இன்னும் தலைகூட நிக்கல. குலுக்கலுக்குத் தாங்காது. நான் வாரேன்.”

அவர் யோசித்தார். குழந்தைமேல் அவருக்கும் உயிர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். “அதுவும் சரிதான். தலை நிக்கட்டும். அதுக்கப்புறம் கூட்டிட்டுப் போவோம்” என்று கம்பளியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நானே நடந்து போய், யாரும் சொல்லாமல், பின்னால் ஏறி உட்கார்ந்தேன். சுடலை இறங்கி இரண்டு திருகையும் திருப்பிவிட்டு வந்து, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். பன்னிக்குழியில் வண்டி ஜோராக ஏறியது. “பாத்தியா?” என்றார் இவர், முன் சீட்டிலிருந்து.

குழந்தை பிறந்த வீட்டில் எல்லோரும் அதற்குத் தலை எப்போது நிற்கும், அது எப்போது குப்புறக் கவிழும் என்று ஆசையாகக் காத்திருப்பார்கள். நான் அந்த மழை முழுவதும் மூட்டைமேல் குலுங்கிக்கொண்டே, என் பேத்திக்கு இப்போதைக்குத் தலை நின்றுவிடக் கூடாது என்று கம்பத்துச் சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன்.